எம் 5 கொத்தில் மாறொளி விண்மீன் தேடல்: படம் பிடிப்பதில் இருந்து அலைவுக்காலம் வரை

பல லட்சம் விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கோளகக் கொத்துக்குள், பிரகாசம் மாறும் விண்மீன் ஒன்றைப் பார்த்துவிடுவது பெரிய காரியம் இல்லை. அது ஏற்கெனவே தெரிந்த மாறொளி விண்மீன்களின் பட்டியலில் இருப்பதா, நிஜமாகவே மாறுகிறதா, பக்கத்து விண்மீனின் மாற்றத்தை இதன் கணக்கில் எழுதிவிட்டோமா என்று உறுதி செய்வதுதான் வேலை. அதனால் இங்கே ஒரே ஒரு ஒழுங்கு: பட்டியலில் உள்ள விண்மீன்களை முதலில் பட்டியலைப் பார்க்காமல் தேடிப் பிடிக்க வேண்டும். எத்தனை பிடிபட்டன, எத்தனை நழுவின, ஏன் நழுவின என்று தெரிந்த பிறகுதான் புதியதைப் பற்றிப் பேச்சு.

இந்தத் துறை தொடங்கியது 1890-களில். ஹார்வர்டு ஆய்வகம் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் வைத்திருந்த நிலையத்தின் கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு, சாலன் பெய்லி கொத்துகளுக்குள் 500-க்கும் மேற்பட்ட மாறொளி விண்மீன்களைக் கண்டார். ஒளிவளைவின், அதாவது நேரத்துக்கு எதிரே பிரகாசத்தை வரைந்த கோட்டின், வடிவத்தை வைத்து அவர் பிரித்த ஏ, பி, சி வகைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. முதல் இரண்டையும் இப்போது ஒன்றாக்கி ஏபி என்கிறோம்.

எவை அகப்படும்

கொத்துகளின் மாறொளி விண்மீன்களில் பெரும்பான்மை, ஒரு நாளுக்குள் துடித்து முடிக்கும் ஆர்.ஆர். லைரே விண்மீன்கள். பெய்லியின் வகைகள் இவற்றுக்குத்தான். ஏபி வகையின் அலைவுக்காலம், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம், சுமார் 0.4 முதல் 0.9 நாள். சடாரென ஏறி, மெல்ல இறங்கும். வீச்சு, அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு, அரைப் பொலிவெண்ணில் இருந்து 1.2 வரை (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). சி வகைக்கு 0.2 முதல் 0.45 நாள்; வளைவு சைன் அலைபோல வழுவழுப்பாக இருக்கும், வீச்சு 0.5-க்குள் அடங்கும். இவை எல்லாம் ஒரு கொத்துக்குள் ஏறக்குறைய ஒரே சராசரிப் பொலிவில், கிடைக்கிளை என்று சொல்லும் மட்டத்தில் நிற்கும். பின்னால் சரிபார்க்கும்போது இதுவே நமக்குப் பெரிய துணை.

அதைவிட 2 முதல் 3 பொலிவெண் மங்கலாக எஸ்.எக்ஸ். ஃபீனிசிஸ் வகை உண்டு. பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும், வீச்சும் சிறியது. மேலே பிரகாசமான பக்கத்தில் நாள் கணக்கில் துடிக்கும் டபிள்யூ வர்ஜினிஸ் வகை செஃபீடுகள், சில பத்து நாள் கணக்கில் சோம்பலாக மாறும் சிவப்பு ராட்சத விண்மீன்கள். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டைகள், திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் குறுநோவாக்கள் எப்போதாவது வரும்.

ஏன் எம் 5

ஆர்.ஆர். லைரே எண்ணிக்கையில் எம் 3-தான் முன்னணி, 200-க்கும் மேல். ஆனால் தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ நின்று தொடங்குபவருக்கு எம் 5, அதாவது என்.ஜி.சி. 5904, அதைவிடத் தோது. அதன் டெக்லினேஷன், அதாவது வானில் அதன் அட்சரேகை, +2 பாகை. 11 பாகை வட அட்சரேகையில் இருப்பவருக்கு அது 81 பாகை உயரம் வரை ஏறும். 30 பாகைக்கு மேலே ஏறக்குறைய 8 மணி நேரம் நிற்கும். மே மாத இரவின் முழு இருட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சி வகை விண்மீன் ஒன்றின் முழுச் சுற்றையும் ஒரே இரவில் பிடித்துவிடலாம். நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது மே இரண்டாம் வாரத்தில் என்பதால், மார்ச் முதல் மே வரை, தென்மேற்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிடும். எம் 15 ஆகஸ்டில் உச்சம் காண்கிறது. மேகத்தோடு மல்லுக்கட்ட விருப்பம் இருந்தால் அதை எடுங்கள்.

எம் 5-இன் கிடைக்கிளை வி பட்டையில் (பச்சை மஞ்சள் ஒளியில்) 15.1 பொலிவெண்ணை ஒட்டி உள்ளது. எம் 3-ஐவிட அரைப் பொலிவெண் பிரகாசம். நூறுக்கும் மேற்பட்ட ஆர்.ஆர். லைரேக்களோடு வி42, வி84 என்ற இரண்டு செஃபீடுகளும் உள்ளன. வி42 சுமார் 25.7 நாளுக்கு ஒரு சுற்று; சிறிய தொலைநோக்கியிலேயே அதன் ஏற்ற இறக்கம் தெரியும். ஊஸ்டர்ஹாஃப் 1941-இல் அறிவித்த வி101 என்ற குறுநோவாவும் இதே கொத்தில்தான். சிக்கல் ஒன்று: 5 செர்பெண்டிஸ் என்ற ஐந்தாம் பொலிவெண் விண்மீன் 22 வில்நிமிடத் தூரத்தில் (பாகையில் 60-இல் ஒன்று வில்நிமிடம், அதில் 60-இல் ஒன்று வில்நொடி), சற்றே கிழக்கு ஒதுங்கிய தெற்கில் இருக்கிறது. அது சட்டத்துக்குள் வந்தால் அதன் ஒளிவட்டமும் எதிரொளிப்பும் பின்னணியைக் கெடுத்துவிடும்.

கருவி

200 மில்லிமீட்டர் திறப்பு, ஓரளவு நம்பகமான பூமத்திய மவுண்ட், குளிரூட்டும் கறுப்பு வெள்ளை கேமரா: தொடக்கத்துக்கு இது போதும். எஃப்/10 ஷ்மிட் கேசெக்ரெய்ன் தொலைநோக்கியில், குவியத்தூரத்தைக் குறைக்கும் 0.63 ரிடியூசர் போட்டால் குவியத்தூரம் 1280 மில்லிமீட்டர். 3.76 மைக்ரான் பிக்சலுக்கு 0.61 வில்நொடி கிடைக்கும். காற்று 3 வில்நொடிக்கு விண்மீனைப் பரப்பினால் அது 5 பிக்சல் அகலம். இந்த அகலம் இரண்டரைப் பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பின்னால் வரும் கழித்தல் முறை தடுமாறும். ஆகவே பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) வேண்டாம். 3008 பிக்சல் சதுர சென்சாரில் பார்வைப் புலம் அரைப் பாகை. கொத்தை நடுவில் வைத்தாலே 5 செர்பெண்டிஸ் வெளியே போய்விடும். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் என்றால் நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, சட்டத்தின் நடுப்புள்ளியை 6 வில்நிமிடம் வடக்கே தள்ளுங்கள்.

ஜான்சன் வி ஃபில்டர் ஒன்று கட்டாயம். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் ஒளி கூடும், ஆனால் உங்கள் அளவீட்டை வேறு யாருடையதோடும் பொருத்த முடியாது. வண்ணக் கேமராதான் இருக்கிறது என்றால் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து அளக்கலாம். நிறங்களைக் கலந்து உருவாக்கிய படத்தில் அளக்கக் கூடாது.

இந்த அமைப்பில் 120 நொடி எக்ஸ்போஷருக்கு, நெரிசல் இல்லாத ஓரப் பகுதியில் உள்ள ஆர்.ஆர். லைரேயை 0.02 பொலிவெண் அளவுச் சிதறலோடு அளக்கலாம். அரைப் பொலிவெண் மாற்றத்துக்கு அது தாராளம். அதே படத்தில் 17.3 பொலிவெண் உள்ள எஸ்.எக்ஸ். ஃபீனிசிஸ் விண்மீனின் சிதறல் 0.08-ஐத் தொடும், அதன் வீச்சே பெரும்பாலும் 0.1-க்கும் 0.3-க்கும் இடையில்தான். 200 மில்லிமீட்டரில் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரவில் செய்ய வேண்டியவை

கெயினை, அதாவது கேமராவின் சமிக்ஞைப் பெருக்கத்தை, குறைவாக வையுங்கள். எம் 5-இன் ராட்சத விண்மீன்கள் 12 பொலிவெண்ணை ஒட்டியவை. நாம் தேடும் விண்மீன்களைவிட 16 மடங்கு பிரகாசம். கெயினை ஏற்றினால் சென்சாரின் நிறைவு அளவு இறங்கி அவை வெளுத்துவிடும். வெளுத்த ஒரு விண்மீன் தன்னோடு நிற்காது. தன்னைச் சுற்றிப் பல வில்நொடிப் பரப்பைக் கழித்தலுக்கு உதவாமல் ஆக்கிவிடும். முதல் படத்திலேயே மிகப் பிரகாசமான ராட்சதத்தின் உச்ச எண்ணைப் பாருங்கள். நிறைவு அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அப்படியே தொடரலாம்.

கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைக்க வையுங்கள். கோப்பில் பதிவாகும் நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா நடுவா என்று முதல் இரவிலேயே பார்த்து எழுதிவையுங்கள். ஜெர்மன் மவுண்ட் உச்சியைக் கடக்கும்போது திரும்பிக்கொள்வதால் படம் 180 பாகை சுழலும், ஒவ்வொரு விண்மீனும் சென்சாரின் எதிர் மூலைக்குப் போகும். ஃபிளாட் திருத்தம் (சட்டம் முழுக்க ஒளியுணர்வைச் சமப்படுத்துவது) சரியில்லை என்றால் ஒளிவளைவில் அந்த நேரத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். எல்லா விண்மீன்களுக்கும் நள்ளிரவை ஒட்டிப் படி விழுந்தால் காரணம் வானத்தில் இல்லை.

ஒரே இரவில் 200 படங்கள் குவிவதைவிட, ஆறு முதல் எட்டு வாரத்தில் பரவிய 10 இரவுகள் மேலானவை. அரை நாளை ஒட்டிய அலைவுக்காலம் இதற்குக் காரணம். சரியாக 0.50 நாள் அலைவுக்காலம் கொண்ட விண்மீனை ஒரே ஊரில் இருந்து 8 மணி நேரம் பார்த்தால், தினமும் அதன் சுற்றில் அதே மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். மீதிப் பங்கு எப்போதும் பகலில் போய் விழும். 0.51 நாள் என்றால் இரவுக்கு 4 விழுக்காடு நகரும், பத்து நாளில் முழுதும் வெளிப்படும். 0.501 என்றால் இரவுக்கு 0.4 விழுக்காடுதான், பருவம் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

கேமராவின் சொந்தக் குறைகளை நீக்கும் பயாஸ், டார்க், ஃபிளாட் திருத்தங்கள் வழக்கம்போல. படத்தைக் கூராக்குவது, நீட்டுவது, இரைச்சல் நீக்குவது எதுவும் கூடாது. 16 பிட் ஃபிட்ஸ் கோப்பாகவே எல்லாம் இருக்கட்டும்.

கழித்துப் பார்த்தல்

ஓரத்தில் தனித்து நிற்கும் விண்மீனைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே விழும் ஒளியைக் கூட்டி அளந்துவிடலாம். எம் 5-இன் மைய ஆரம் 0.44 வில்நிமிடம், அந்தச் சிறிய வட்டத்துக்குள் வட்டம் போட்டால் ஐந்தாறு விண்மீன்கள் சேர்ந்தே விழும். பீட்டர் ஸ்டெட்சன் 1987-இல் வெளியிட்ட டாவோஃபாட் நிரல், விண்மீனின் உருவ வடிவத்தைப் பொருத்தி நெரிசலைப் பிரிக்கும். அடர்ந்த மையத்தில் அதுவும் திணறும். 1998-இல் அலார்டும் லப்டனும் முன்வைத்த வித்தியாசப் பட முறைதான் இங்கே உண்மையான ஆயுதம். ஒவ்வொரு படத்தில் இருந்தும் ஓர் ஆதாரப் படத்தைக் கழிப்பதே இது. மாறாத விண்மீன் எத்தனை இருந்தாலும் கழித்தால் போய்விடும், மாறியது மட்டும் எஞ்சும். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியின் படங்களில் இருந்து எம் 53 உள்ளிட்ட கொத்துகளில் புதிய மாறொளி விண்மீன்கள் கிடைத்தது இந்த வழியில்தான். அலார்டின் ஐசிஸ், ஆண்ட்ரூ பெக்கரின் ஹாட்பேன்ட்ஸ் இரண்டுமே இலவசம், லினக்ஸில் ஓடும்.

முதலில் எல்லாப் படங்களையும் ஒரே கட்டத்துக்குப் பொருத்துங்கள். பொருத்தத்தில் பத்தில் ஒரு பிக்சலுக்கு மேல் பிழை இருந்தால், கழித்த படத்தில் ஒவ்வொரு பிரகாச விண்மீனும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்ற இரட்டைப் பொட்டாக நிற்கும். அதைக் கண்டால் மேலே போகாமல் பொருத்துதலுக்கே திரும்புங்கள்.

அடுத்து ஆதாரப் படம். நிலவில்லாத ஓர் இரவில், கொத்து உச்சிக்கு அருகில் இருந்தபோது எடுத்தவற்றில் விண்மீன் உருவம் மிகக் கூர்மையான 10 படங்களைச் சேருங்கள். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டுச் சுமாரான படங்களைச் சேர்க்காதீர்கள். ஆதாரப் படத்தைக் கெர்னல் என்ற மழுக்கும் சார்பைக் கொண்டு மழுக்கி ஒவ்வொரு படத்தோடும் ஒப்பாக்கித்தான் கழிக்கிறோம். ஆதாரமே மற்றவற்றைவிட மழுங்கலாக இருந்தால், நிரல் அதைக் கூராக்க முயன்று ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி வளையங்களை உண்டாக்கும்.

ஹாட்பேன்ட்ஸின் இயல்புக் கெர்னல் மூன்று காஸ் (மணி வடிவ) வளைவுகளால் ஆனது: அகலம் 0.7, 1.5, 3.0 பிக்சல், அவற்றின் பல்லுறுப்புப் படிகள் முறையே 6, 4, 2. 5 பிக்சல் அகல விண்மீன்களுக்கு இது பொருந்தும். மோசமான இரவின் படத்தில் அகலம் 8 பிக்சலைத் தாண்டினால், கெர்னலை விரிப்பதைவிட அந்தப் படத்தைத் தூக்கி எறிவது நல்லது. கெர்னலைக் கணக்கிட நிரல் எடுக்கும் சிறு சதுரங்களான முத்திரைப் பகுதிகள் கொத்தின் ஓரத்தில், நெரிசல் குறைந்த இடங்களில் விழுகின்றனவா என்று பாருங்கள். தெரிந்த மாறொளி விண்மீன் ஒன்றின் மேல் முத்திரை விழுந்தால் அளவுகோலே ஆடும்.

கழித்த படங்களைத் தனித்தனியாகக் கண்ணால் துழாவ வேண்டாம். ஒவ்வொரு பிக்சலுக்கும் வித்தியாசத்தின் குறியை நீக்கி, அந்தப் பிக்சலில் எதிர்பார்க்கும் இரைச்சலால் வகுத்து, எல்லா இரவுகளையும் கூட்டி ஒரே படமாக்குங்கள். மாறொளி விண்மீன்கள் அதில் மேடுகளாக எழும். இரைச்சலால் வகுப்பதுதான் இதன் உயிர். அந்த இரைச்சலைக் கழிப்பதற்கு முந்திய படத்தின் ஒளியளவில் இருந்து கணக்கிட வேண்டும். கழித்த படத்தில் மிஞ்சியதில் இருந்து கணக்கிட்டால், ராட்சத விண்மீன்கள் எல்லாம் மாறொளி விண்மீன் வேடம் போட்டு வந்து நிற்கும்.

மேடு இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வித்தியாசப் படத்திலும் ஒளியை அளந்து, அளவுகோல் விகிதத்தால் (அந்தப் படத்துக்கும் ஆதாரப் படத்துக்கும் உள்ள ஒளி விகிதத்தால்) வகுத்து, ஆதாரப் படத்தில் அந்த விண்மீனுக்கு உள்ள ஒளியோடு கூட்டினால் மொத்த ஒளி. பொலிவெண்ணாக மாற்றுவது அதன்பின். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வித்தியாசம் துல்லியமாக இருக்கும். ஆதார ஒளி மட்டும் பக்கத்து விண்மீன் கலந்ததால் தவறாக இருக்கும். உதாரணமாக 14.5-க்கும் 15.5-க்கும் இடையே மாறும் விண்மீனோடு 15.0 பொலிவெண் கொண்ட மாறாத விண்மீன் ஒன்று ஒட்டியிருந்தால், நமக்குக் கிடைப்பது 13.97-இல் இருந்து 14.47 வரை. வீச்சு பாதியாகிவிட்டது, சராசரியும் முக்கால் பொலிவெண்ணுக்கு மேல் பிரகாசமாகிவிட்டது. அலைவுக்காலம் மட்டும் சேதமில்லாமல் வரும். ஆகவே மையப் பகுதி விண்மீன்களுக்குக் காலத்தை நம்புங்கள், வீச்சை நம்பாதீர்கள்.

போலிகள்

மேடுகளில் கணிசமானவை குப்பை. ஒரே ஒரு படத்தில் மட்டும் எழுந்தது காஸ்மிக் கதிர் அல்லது செயற்கைக்கோள். இரவு முழுக்க மெல்ல நகர்வது சிறுகோள். சட்டத்தின் ஓரத்தில் வருவதை நம்ப வேண்டாம். கொத்து சரியும்போது, 30 பாகைக்குக் கீழே, மிகச் சிவந்த, மிக நீலமான விண்மீன்கள் மட்டும் சேர்ந்தாற்போல் மாறத் தொடங்கினால் அது வளிமண்டல விலகலின் வேலை.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரன் கசிவுதான். பிரகாசமான மாறொளி விண்மீன் ஒன்றின் ஒளி சில வில்நொடி தள்ளியுள்ள அண்டை விண்மீனின் அளவீட்டுக்குள் புகுந்து, இரண்டுமே மாறுவதாகக் காட்டும். சோதனை எளிது. அருகருகே உள்ள இரண்டுக்கும் ஒரே அலைவுக்காலம், ஒரே நேரத்தில் உச்சம் என்றால் மாறுவது ஒன்றுதான். எது என்று அறிய, உச்ச நேர வித்தியாசப் படங்களை மட்டும் சேர்த்து மேட்டின் மையத்தைப் பத்தில் ஒரு பிக்சல் வரை அளந்து, ஆதாரப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

அலைவுக்காலம்

நேரங்களை முதலில் சூரிய மையத்துக்குத் திருத்துங்கள். பூமியின் சுற்றுப்பாதையால் எம் 5-இன் ஒளி வந்துசேரும் நேரம் 8 நிமிடம் வரை முன்னும் பின்னும் ஆடும், 0.55 நாள் விண்மீனுக்கு அது சுற்றில் ஒரு விழுக்காடு. பிறகு சைன் அலைகளைப் பொருத்தும் லாம்ப்-ஸ்கார்கில் முறையைச் சி வகைக்கும், கட்டச் சிதறலைக் குறைக்கும் ஸ்டெலிங்வெர்ஃப் முறையை ஏபி வகைக்கும் பயன்படுத்துங்கள். ஏபியின் வளைவு சைன் வடிவில் இல்லாததால் முதல் முறை சில சமயம் பாதிக் காலத்தைப் பிடித்துக் கொடுக்கும். தேடும் வரம்பு நாளுக்கு 1 முதல் 5 சுற்று. படி அளவு, மொத்தக் கண்காணிப்புக் காலத்தின் தலைகீழியில் பத்தில் ஒரு பங்கு. 30 நாள் தரவுக்கு 0.003. படியை அகலமாக வைத்தால் உண்மையான காலம் இரண்டு படிகளுக்கு நடுவே நழுவிப்போகும்.

இரவில் மட்டும் பார்ப்பதால் நாளுக்கு ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ போலிக் காலங்கள் எழும். 0.55 நாள் என்பது நாளுக்கு 1.818 சுற்று. அதன் போலிகள் 2.818, 0.818, அதாவது 0.355 நாள், 1.222 நாள். 0.355 கச்சிதமாகச் சி வகையின் வரம்புக்குள் விழுவதுதான் கொடுமை. வளைவின் வடிவத்தை வைத்துத் தீர்மானியுங்கள்: ஏறும் பக்கம் செங்குத்தாகவும் வீச்சு 0.8-ஆகவும் இருந்தால் அது சி வகையாக இருக்க முடியாது. தீர்ப்பு சொல்ல முடியாத விண்மீனுக்கு, மிகக் கிழக்கிலோ மிக மேற்கிலோ வேறு தீர்க்கரேகையில் உள்ளவரின் ஒரே ஓர் இரவுத் தரவு வழக்கை முடித்துவிடும்.

30 நாள் தரவில் இருந்து நான்கு தசம இடத்துக்கு மேல் காலத்தை எழுதுவது வெறும் அலங்காரம். சரியான காலத்தில் மடித்தும் (எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியும்) உச்சத்தின் உயரம் இரவுக்கு இரவு மாறினால், அளவீட்டைச் சந்தேகிக்கும் முன் பிளாஷ்கோ விளைவை, அதாவது விண்மீனின் வீச்சே மெல்ல ஏறி இறங்குவதை, நினையுங்கள். ஏபி வகையில் அது அபூர்வம் இல்லை.

தெரிந்தவற்றோடு ஒத்துப்பார்த்தல்

இப்போதுதான் பட்டியலைத் திறக்க வேண்டும். ஹெலன் சாயர் ஹாக் தொடங்கி, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் கிளமென்ட் இணையத்தில் வளர்த்த கொத்து மாறொளி விண்மீன் பட்டியல் முதலாவது. வி42 போன்ற எண்கள் அதிலிருந்து வருபவை. அடுத்து, மாறொளி விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.வி.எஸ்.ஓ.வின் வி.எஸ்.எக்ஸ். தரவுத்தளம். மூன்றாவது, ஐரோப்பிய விண்கலமான கையாவின் தரவுகளில் 2022-இல் வந்த மூன்றாம் வெளியீடு. அதில் சுமார் 2.7 லட்சம் ஆர்.ஆர். லைரேக்கள் உள்ளன, ஆனால் கொத்துகளின் அடர்ந்த மையத்தில் அதற்கும் ஓட்டைகள் உண்டு. உங்கள் ஆயத்தொலைவுகளைக் கையா விண்மீன்களோடு பொருத்தி ஒரு வில்நொடிக்கும் நுட்பமாக வைத்திருங்கள். இல்லையேல் மையத்தில் எது எது என்றே சொல்ல முடியாது.

பிடிபட்டவற்றை மையத்தில் இருந்து உள்ள தூரத்தால் பிரியுங்கள்: அரை வில்நிமிடத்துக்குள், அங்கிருந்து 2 வரை, அதற்கு அப்பால். 2 வில்நிமிடத்துக்கு வெளியே ஒரு ஆர்.ஆர். லைரேகூடத் தப்பக் கூடாது. தப்பினால் உங்கள் செயல்முறையில் எங்கோ ஓட்டை. மையத்தில் பாதி கிடைத்தாலும் 200 மில்லிமீட்டருக்குக் கௌரவமே.

பட்டியலில் இல்லாத ஒன்று மிஞ்சினால் அதன் சராசரிப் பொலிவைப் பாருங்கள். ஆர்.ஆர். லைரே என்றால் 15.1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 14.2 என்றால் கலப்பு. 16.5 என்றால் கொத்துக்குப் பின்னால் உள்ளது. கையா அளந்துள்ள சொந்த இயக்கம், அதாவது வானில் அந்த விண்மீன் நகரும் வேகம், அதை உறுதி செய்யும். காலத்துக்கு எதிரே வீச்சை வரைந்தால் ஏபி வகை ஒரு சரிவில் இறங்கும். அந்தச் சரிவுக்கு வெகு கீழே தனித்து விழுந்தது கலப்பு அல்லது பிளாஷ்கோ. பொலிவெண் அளவைப் பொருத்தும் பூச்சியப் புள்ளிக்கு, பொலிவெண் துல்லியமாகத் தெரிந்த ஸ்டெட்சனின் தர விண்மீன்கள் எம் 5 புலத்திலேயே உள்ளன.

எம் 5 நூறாண்டுக்கு மேல் சல்லடை போட்டுச் சலித்த இடம். புதிய ஆர்.ஆர். லைரே கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கிடைத்தால் அது மையத்திலோ, 0.1 பொலிவெண் வீச்சுள்ள ராட்சதங்களிலோதான். அப்படி ஒன்று எல்லாச் சோதனையும் தாண்டினால் ஆயத்தொலைவு, காலம், உச்ச நேரம், பொலிவு வரம்பு, இடம் குறித்த படம், மடித்த ஒளிவளைவு ஆகியவற்றோடு வி.எஸ்.எக்ஸ்-க்கு அனுப்பலாம். இரண்டாம் பருவத்திலும் அதே காலம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

புதியது எதுவும் கிடைக்காதவருக்கும் அதே தரவில் வேலை இருக்கிறது. தெரிந்த விண்மீன்களின் உச்ச நேரத்தைப் பழைய அளவீடுகள் முன்கணிக்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு விண்மீனின் அலைவுக்காலம் பத்து லட்சம் ஆண்டுக்கு 0.1 நாள் என்ற மெதுவான வேகத்தில் மாறினாலும், 0.55 நாள் விண்மீனின் உச்சம் நூறாண்டில் கணக்கைவிட 8 மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். உங்கள் அளவீட்டுப் பிழை சில நிமிடங்கள்தான். பெய்லி காலத்துத் தட்டுகளில் இருந்து தொடரும் அந்த வரிசைக்கு ஒவ்வொரு பருவமும் ஒரு புள்ளி தேவை. மையத்தில் இருந்து 2 வில்நிமிடத்துக்கு வெளியே உள்ள, கலப்பில்லாத ஏபி வகையில் இருபதைத் தேர்ந்து, ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உச்சங்களாவது பிடித்து வையுங்கள்.